அப்பாவின் மூளையை அப்படியே எடுத்து வைக்க முடியுமா? தம்பி கேட்கிறான்

கண்டக்டர் மகள் (ஞாயிறு இரவு 10.20)

எல்லோருக்கும் வணக்கம். நாலைந்து வருடமாக இங்கே படிக்கிறவள்தான், எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பான பிரிவில் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள்.

அப்பாவுக்கு 74 வயது. திருநெல்வேலி – தென்காசி ரூட்டில் 31 வருடம் கண்டக்டர். இரண்டு வருடமாக மறதி. முதலில் கண்ணாடி, சாவி என்று ஆரம்பித்தது. அப்புறம் அடுப்பில் வைத்த பால். இப்போது என் மகன் பெயரே வருவதில்லை, அவனைத் தம்பி பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். அவனும் திருத்தித் திருத்திப் பார்த்துவிட்டு, இப்போது அந்தப் பெயருக்கே "என்ன தாத்தா" என்று எழுந்து போகிறான்.

ஆனால் "பேட்டை" என்று நான் எடுத்துக் கொடுத்தால் போதும். சீதபற்பநல்லூர், ஆலங்குளம், பாவூர்சத்திரம் என்று ஒவ்வொரு ஸ்டேஜாக இறங்கி தென்காசியில்தான் நிற்பார். எந்த வருடம் எந்த ஸ்டேஜுக்கு எவ்வளவு டிக்கெட் என்பது வரை வரும். சொல்லும்போது இடது கை விரல்கள் தானாக இறுகும், நீளவாக்கில் மடித்த நோட்டு இடுக்கில் இருக்கிற மாதிரி.

தம்பி அமெரிக்காவில் இருக்கிறான். போன வாரம் ஒரு வீடியோ அனுப்பினான். இறந்த பிறகு மூளையை மருந்தேற்றி உறைய வைப்பார்களாம். நூறு, இருநூறு வருடம் கழித்து அதிலிருக்கிற இணைப்பையெல்லாம் கம்ப்யூட்டரில் படித்து, அந்த ஆளையே திரும்ப எழுப்பிவிடலாமாம். "செலவை நான் பார்த்துக்கிறேன் அக்கா, நீ கையெழுத்து மட்டும் வாங்கி வை" என்கிறான். அம்மாவிடம் லேசாகச் சொன்னேன். "செத்த பிறகும் மனுசனை நிம்மதியா விடமாட்டீங்களா" என்று எழுந்து போய்விட்டார்.

நான் பாவூர்சத்திரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த நகல் அது ஒன்றுதான். ஒரிஜினல் மங்கியிருந்தால் மிஷினில் எவ்வளவு கருப்பு ஏற்றினாலும் எழுத்து திரும்ப வராது, பேப்பர்தான் கருக்கும். அப்படியானால் அப்பாவை இப்போது நகல் எடுத்தால் மறதியும் சேர்ந்துதானே வரும்? தம்பியிடம் கேட்டால் "அதையெல்லாம் அப்ப சரி பண்ணிருவாங்க" என்கிறான். யார், எப்படி என்று அவனுக்கும் தெரியவில்லை.

இது நடக்கிற காரியமா, ஏமாற்று வேலையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கேலி செய்கிறவர்கள் தயவுசெய்து வேறு பக்கம் போங்கள்.


சர்வர் சாமி (ஞாயிறு இரவு 11.05)

அக்கா, நான் டாக்டர் இல்லை. சென்னையில் ஒரு கம்பெனியில் பேக்கப் பார்க்கிறவன், அதாவது கம்ப்யூட்டர் ஃபைல்களுக்கு மாற்று நகல் எடுத்து வைக்கிறவன், 16 வருடமாக அதுதான் பிழைப்பு. அதனால் அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் முதல் பாடம், ரீஸ்டோர் செய்து, அதாவது ஃபைலைத் திரும்ப எடுத்துப் பார்க்காத பேக்கப் பேக்கப்பே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பட்டிருக்கிறேன். ஏழு மாதம் தினமும் ராத்திரி பச்சை டிக் காட்டிக்கொண்டிருந்தது. ஒருநாள் சர்வர் படுத்துக்கொண்டது. டேப்பை எடுத்துப் போட்டால் உள்ளே ஃபோல்டர் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன, எந்த ஃபோல்டரிலும் ஃபைல் இல்லை. அன்றைக்கு மேனேஜர் முகத்தைப் பார்த்தவன், இன்றைக்கும் மாதம் ஒருமுறை எதையாவது ரீஸ்டோர் செய்து பார்க்காமல் தூங்குவதில்லை. உங்கள் தம்பி சொல்வதில் பேக்கப் பாதி இருக்கிறது. ரீஸ்டோர் பாதியை இதுவரை எந்த ஊரிலும் யாரும் செய்து பார்க்கவில்லை.

அளவு எவ்வளவு வரும் என்றும் பாருங்கள். 2024 மே மாதம் ஹார்வர்டும் கூகுளும் சேர்ந்து, மனித மூளையில் ஒரே ஒரு கன மில்லிமீட்டரை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் முழுசாகப் படமெடுத்து வெளியிட்டார்கள். ஒரு குண்டூசித் தலை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கே 1.4 பெட்டாபைட், அதாவது 1,400 டெராபைட். ஒரு முழு மூளை 1,200 கன சென்டிமீட்டர் என்று குறைத்துப் பிடித்தாலும் 12 லட்சம் கன மில்லிமீட்டர். பெருக்கினால் 168 கோடி டெராபைட். கடையில் விற்கிற 2 டெராபைட் ஹார்டு டிஸ்க்கில் 84 கோடி வேண்டும். ஒரு கண்டக்டருக்கு.

இன்னொன்று. 2009-ல் ஹென்றி மார்க்ரம் என்ற விஞ்ஞானி மேடையேறி, பத்து வருடத்தில் மனித மூளையைக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்ட முடியும் என்றார். ஐரோப்பிய யூனியன் 2013-ல் பெரிய பணம் போட்டு ஒரு திட்டமே தொடங்கியது, 2023-ல் முடித்தது. நல்ல நல்ல கருவிகள், வரைபடங்கள் எல்லாம் கிடைத்தன. மூளை ஓடவில்லை.


மைக்ரோடோம் மணி (திங்கள் காலை 6.15)

தங்கச்சி, நான் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். பயாப்சி வந்தால் மெழுகில் புதைத்து, மைக்ரோடோம் என்ற சீவுகிற மிஷினில் சீவி, சாயம் ஏற்றி டாக்டர் மேஜைக்கு அனுப்புவது என் வேலை. 24 வருடம் ஆகிறது. மூளையைப் பத்திரப்படுத்துவது என்றால் கை என்ன செய்ய வேண்டும் என்று கொஞ்சம் தெரியும். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முழு மூளை எங்களிடம் வருவது அபூர்வம். வந்தால் அதை மேஜையில் வைக்கக் கூடாது. புது மூளை இளநீர் வழுக்கையைவிடக் கொஞ்சம் கெட்டி, அவ்வளவுதான். வைத்தால் தன் எடைக்கே தட்டையாகிவிடும். அதனால் அடிப்பக்கம் ஓடுகிற ஒரு ரத்தக்குழாய்க்கு அடியில் நூலைக் கோத்து, இரண்டு முனையையும் வாளிக் கைப்பிடியில் கட்டி, ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்துக்குள் தலைகீழாகத் தொங்கவிடுவோம். அடியிலும் படக்கூடாது, ஓரத்திலும் படக்கூடாது. எனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்த அண்ணாச்சி, கட்டி முடித்ததும் வாளியை லேசாகத் தட்டி, ஆடி நிற்கிறதா என்று பார்ப்பார். இரண்டு வாரம் அப்படியே கிடக்க வேண்டும். அதற்கப்புறம்தான் கத்தி வைக்கலாம். அப்போது பனீர்க் கட்டி மாதிரி வெட்ட வரும்.

ஏன் இரண்டு வாரம்? ஃபார்மலின் வெளியிலிருந்து உள்ளே ஊறிப் போக வேண்டும். மணிக்கு ஒரு மில்லிமீட்டர் என்று நாங்கள் வாய்க்கணக்கு சொல்வோம், உண்மையில் அதைவிட மெதுவாகத்தான் போகும். வெளித்தோல் பதப்பட்டிருக்கும்போது நடுப்பகுதி உள்ளேயே கெட்டுக்கொண்டிருக்கும். மூச்சு நின்று நாலைந்து நிமிடத்திலேயே நரம்புச் செல்லில் சேதம் ஆரம்பித்துவிடுகிறது. பாவூர்சத்திரத்தில் ஒருவர் தூக்கத்தில் இறந்து, காலையில் பார்த்து, அமெரிக்காவுக்குப் போன் போட்டு... மிச்சத்தை நான் சொல்ல வேண்டாம்.

இதைத் தாண்டத்தான் அங்கே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ரத்தக்குழாய் வழியாகவே குளூட்டரால்டிஹைடு என்ற ரசாயனத்தைப் பாய்ச்சினால், ரத்தம் போகிற இடத்துக்கெல்லாம் அதுவும் போகும், சில நிமிடத்தில் எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே பிடித்து நிறுத்திவிடும். அப்புறம் உறைவெதிர்ப்புத் திரவம் ஏற்றி மைனஸ் 135 டிகிரியில் கண்ணாடி மாதிரி இறுக வைப்பது. இதை 2016-ல் ஒரு முயலின் மூளையிலும் 2018-ல் ஒரு பன்றியின் மூளையிலும் செய்து காட்டி, மூளைப் பாதுகாப்புக்கென்று இருக்கும் ஒரு அமைப்பின் பரிசை வாங்கினார்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இணைப்புகள் எல்லாம் அப்படியே நிற்கின்றன. என் வேலைக்காரக் கண்ணுக்கு அது உண்மையிலேயே பெரிய காரியம். ஏமாற்று இல்லை.

சிக்கல் எங்கே என்றால், அந்தச் சுத்தம் கிடைக்க வேண்டுமானால் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரசாயனத்தை ஏற்ற வேண்டும். நெக்டோம் என்ற நிறுவனம் 2018-ல் இதை மனிதர்களுக்குச் செய்யப்போவதாக வந்தது. பட்டியலில் பெயர் சேர்க்க 10,000 டாலர், அன்றைய கணக்கில் ஆறரை லட்சம் ரூபாய், வேண்டாமென்றால் திருப்பித் தருவார்கள். சாகப்போகிற நோயாளியை மயக்கத்தில் வைத்து கழுத்து ரத்தக்குழாயில் ஏற்றுவதுதான் திட்டம். அதாவது அந்த சிகிச்சைதான் ஆளைக் கொல்லும். நிறுவனத்தவரே "நூறு சதவீதம் உயிர் போகும்" என்று ஒளிக்காமல் சொன்னார். பத்திரிகையில் வந்த அடுத்த மாதமே அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் அவர்களோடு இருந்த உறவை முறித்துக்கொண்டது. நம் நாட்டில் அதே 2018 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றம், தேறாத நோயாளிக்கு உயிர்காக்கும் கருவியை நிறுத்திக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டது. ஊசி போட்டு முடிப்பதை இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. கையெழுத்து வாங்கி வை என்று தம்பி சொல்வது எந்தத் தாளில் என்று ஒருதரம் கேளுங்கள்.

அடுத்தது, படிப்பது. நான் நாலு மைக்ரானில் சீவுவேன், மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சீவல் ரிப்பன் மாதிரி வரும், அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு ஸ்லைடில் ஏந்த வேண்டும். கை நடுங்கினால் மடிப்பு. பிளேடில் ஒரு பல் போயிருந்தால் நீளத்துக்கும் கோடு. 24 வருடத்துக்குப் பிறகும் நாளைக்கு நாலைந்தைக் குப்பையில் போடுகிறேன். சர்வர் சாமி சொன்ன அந்த ஹார்வர்டு துண்டை 30 நானோமீட்டர் சொச்சத்தில் சீவியிருக்கிறார்கள். என் ஒரு சீவலை நூற்றுக்கும் மேலாகப் பிளந்த கணக்கு. அந்த ஒரு கன மில்லிமீட்டர் துண்டுக்கே 5,000 சீவலுக்கு மேல். பயாப்சியில் ஒன்று போனால் மெழுகில் புதைத்த பிளாக்கில் இன்னொன்று இருக்கும். ஒரு மனிதரை மொத்தமாகச் சீவும்போது நான் குப்பையில் போடுகிற அந்த நாலைந்தில் எது இருந்தது என்று யார் சொல்வது?

2009 டிசம்பரில் ஹென்றி மொலைசன் என்பவரின் மூளையை அமெரிக்காவில் சான் டியேகோவில் சீவினார்கள். 1953-ல் வலிப்புக்காக மூளையில் ஆபரேஷன் செய்த பிறகு, புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாமல் போனவர் அவர். 55 வருடம் அப்படியே வாழ்ந்தார். ஞாபகம் எப்படி உருவாகிறது என்று இன்றைக்குப் பாடப்புத்தகத்தில் இருப்பதில் பாதி அவரைச் சோதித்துத் தெரிந்துகொண்டது. அவர் மூளையை உறைய வைத்து 53 மணி நேரத்தில் 2,401 சீவல்களாகச் சீவியதை இன்டர்நெட்டில் நேரலையாகப் போட்டார்கள். நான் நைட் டியூட்டி முடிந்து நெட் சென்டரில் உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்து சீட்டில் ஒரு பையன் ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் ஒரு பிளேடு வரும், போகும், ஒரு ஆள் பிரஷ்ஷால் சீவலை ஏந்துவார், மறுபடி பிளேடு வரும். அவ்வளவுதான் படம். எனக்கு எழுந்திருக்க மனமில்லை, ஒரு மணி நேரத்துக்குக் காசு கொடுத்துவிட்டு மூன்று மணி நேரம் இருந்தேன். எந்த இடத்தில் எவ்வளவு வெட்டியிருந்தது என்று அந்தச் சீவல்கள் துல்லியமாகச் சொல்லின. சின்ன வயதில் அவர் எதைப் பார்த்தார் என்பதை அவற்றில் ஒன்றிலிருந்தும் யாரும் படிக்கவில்லை.

இணைப்பு வரைபடம் இருந்தால் ஆளை எழுப்பிவிடலாம் என்பவர்களிடம் நான் கேட்பது புழுவைப் பற்றி. மண்ணில் வாழும், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு உருளைப்புழு, 302 நரம்புச் செல். அதன் முழு இணைப்பு வரைபடத்தை 1986-லேயே கேம்பிரிட்ஜில் வெளியிட்டுவிட்டார்கள். அதை வைத்து கம்ப்யூட்டரில் முழுப் புழுவை எழுப்பப் பார்க்கும் ஒரு திட்டம் 2011-லிருந்து ஓடுகிறது. நெளிகிறது, நீந்துகிறது. நிஜப் புழு செய்வதையெல்லாம் செய்கிற புழு இன்னும் வரவில்லை. வயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரிந்தால் போதாது. எந்த இணைப்பு எவ்வளவு பலம், எந்தச் செல் எந்த ரசாயனத்தைக் கசிய விடுகிறது என்பதெல்லாம் அந்தப் படத்தில் இல்லை. அப்பாவிடம் இருப்பது 8,600 கோடி செல்.

உங்கள் ஜெராக்ஸ் கேள்விக்கு வருகிறேன். சரியாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். மறதி நோயில் புது ஞாபகம் முதலில் போகும், பழையது அதிக நாள் நிற்கும், ஸ்டேஜ் நிற்பதும் பேரன் பெயர் போவதும் அதனால்தான். செல் செத்து இணைப்பு அறுந்த இடத்தில், அறுந்ததற்கு முன் என்ன இருந்தது என்று எந்தக் காலத்து மிஷினும் ஊகிக்கத்தான் முடியும். ஊகித்து நிரப்பினால் அது அப்பா இல்லை, மிஷின்.

அப்புறம் எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று, இதைப் பற்றி எந்த வீடியோவிலும் பேசமாட்டார்கள். யார் காப்பாற்றுவது? எங்கள் லேபில் பழைய பிளாக்குகளை ஒரு ஸ்டோர் ரூமில் அடுக்கியிருந்தோம். ஒரு மே மாதம் ஏசி கெட்டது. ரிப்பேருக்கு எழுதிப்போட்டு, பதில் வந்து, ஆள் வர 19 நாள். மெழுகு இளகி மேல் அடுக்கில் பிளாக் பதித்திருந்த பிளாஸ்டிக் கேசட்டெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது, பென்சிலில் எழுதிய நம்பர் அதற்கடியில். அதே வருடம் ஒரு அம்மா வந்து, ஆறு வருடத்துக்கு முன் எடுத்த கட்டியின் பிளாக் வேண்டும், வேறு ஊரில் வைத்தியம் பார்க்கிறோம் என்றார். தேடிக் கொடுக்க முடியவில்லை. அதைக் கவுண்டரில் போய்ச் சொன்னது நான்தான். அமெரிக்காவில் 1967-லிருந்து உடலை உறைய வைக்கிறார்கள். முதலில் உறைந்த ஜேம்ஸ் பெட்ஃபோர்டு என்ற பேராசிரியர் இன்னும் அரிசோனாவில் நைட்ரஜன் தொட்டிக்குள் இருக்கிறார், அது அவர் அதிர்ஷ்டம். கலிபோர்னியாவில் சாட்ஸ்வொர்த் என்ற இடத்துக் கல்லறையில் வைத்திருந்த ஒன்பது உடல்கள், நைட்ரஜன் வாங்கப் பணமில்லாமல் உருகிக் கெட்டுப்போனது 1979-ல் வெளியே வந்தது. பணம் கட்டி வந்த மகன், மகள் செத்தாலோ சலித்தாலோ அப்படித்தான். இருநூறு வருடம் என்பது ஏழெட்டுத் தலைமுறை. எனக்கு என் கொள்ளுத்தாத்தா பெயர் தெரியாது.

மூளையை வைத்து நல்ல காரியம் ஏதாவது நடக்க வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது. பெங்களூரில் மனநலம், நரம்பு நோய்க்கான நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் 1995-லிருந்து மூளை வங்கி இருக்கிறது, ஆராய்ச்சிக்குத் தானமாக வாங்குகிறார்கள். சென்னை ஐஐடியில் கருநிலைக் குழந்தைகளின் மூளைகளை 5,132 சீவல்களாகப் படமெடுத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று 2024 டிசம்பரில் இலவசமாக வெளியிட்டார்கள். தரணி என்று பெயர். ராத்திரி தூக்கம் வராவிட்டால் நான் திறந்து பார்ப்பேன். ஒரு மடிப்பு இல்லை, பொறாமையாக இருக்கும்.

கடைசியாக இரண்டு கேள்வி. ஒன்று, பி12, தைராய்டு பார்த்தாயிற்றா? அவை குறைந்தாலும் மறதி வரும், மருந்தில் சரியாகவும் வாய்ப்புண்டு. இரண்டாவது, இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், தம்பி சொன்னது, அம்மா சொன்னது எல்லாம் இருக்கிறது. அப்பாவிடம் கேட்டீர்களா?


புதிய கூடு (திங்கள் காலை 9.40)

மணி அண்ணனின் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இது 1900-ல் விமானம் பறக்காது என்று சொல்வது மாதிரி இருக்கிறது. 302 செல்லில் ஆரம்பித்தது. 2024 அக்டோபரில் ஒரு பழ ஈயின் முழு மூளைக்கும் இணைப்பு வரைபடம் வந்துவிட்டது, 1,39,255 செல், ஐந்து கோடிக்கு மேல் இணைப்பு. 38 வருடத்தில் 460 மடங்கு. 2025-ல் எலி மூளையில் ஒரு கன மில்லிமீட்டர், 50 கோடிக்கு மேல் இணைப்பு, அதுவும் அந்த எலி விழித்திருந்து வீடியோ பார்க்கும்போது எந்தச் செல் துடித்தது என்பதையும் சேர்த்துப் பதிந்திருக்கிறார்கள். வயர் மட்டும்தான் என்ற குறை அங்கே கொஞ்சம் தீர்ந்துவிட்டது. படிக்கத் தெரியாத காலத்துக் கல்வெட்டையும் உடைக்காமல் வைத்திருந்ததால்தானே பின்னால் வந்தவன் படித்தான்? இன்று எரித்துவிட்டால் வாய்ப்பு பூஜ்யம். வைத்தால் பூஜ்யத்தைவிட ஏதோ கொஞ்சம்.


மைக்ரோடோம் மணி (திங்கள் மதியம் 1.30)

கல்வெட்டு உதாரணம் நல்லது தம்பி. அது கருங்கல்லில் இருந்ததால் நமக்கு வந்தது. ஓலையில் இருந்ததில் எவ்வளவு கறையானுக்குப் போனது? மூளை ஓலை ஜாதி. வளர்ச்சியை நான் மறுக்கவில்லை, ஈயின் படத்தை நானும் வாய் பிளந்துதான் பார்த்தேன். அதிலும் கம்ப்யூட்டர் தப்பாகக் கோத்த நரம்புகளை மனிதர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். அந்த ஈ இன்னும் எழவில்லை. பூஜ்யத்தைவிட ஏதோ கொஞ்சம் என்றீர்களே, அதற்கு நம் வீட்டில் என்ன விற்க வேண்டும் என்பதும் கணக்கில் வர வேண்டும். சாப்பாட்டு நேரம் முடிந்தது, போகிறேன்.


சாத்தனூர் வாத்தியார் (திங்கள் மாலை 5.10)

ஓய்வுபெற்ற தமிழாசிரியன். அறிவியல் தெரியாது. நீங்கள் எல்லோரும் பேசுவதைப் படித்தபோது எங்கள் ஊர்க் கதைதான் நினைவுக்கு வந்தது.

மாடு மேய்க்கும் மூலன் மேய்ச்சல் காட்டில் இறந்துகிடக்கிறான். பசுக்கள் அவனைச் சுற்றி நின்று கதறுகின்றன. அந்த வழியாக வந்த சிவயோகியார் மனம் பொறுக்காமல், தம் உடலை ஓரிடத்தில் மறைத்து வைத்துவிட்டு மூலன் உடலுக்குள் புகுந்து எழுகிறார். பசுக்கள் மகிழ்ந்து வீடு திரும்புகின்றன. இருட்டியும் கணவன் வரவில்லையே என்று மூலன் மனைவி தேடி வருகிறாள். அதே முகம், அதே கை கால். தொடப் போகிறாள். "உனக்கும் எனக்கும் உறவில்லை" என்று விலகி மடத்துக்குள் போய்விடுகிறார். அவர்தான் பிறகு திருமூலர்.

நான் 30 வருடம் வகுப்பில் இதைச் சொல்லியிருக்கிறேன். பையன்கள் எல்லோரும் யோகியைப் பற்றித்தான் கேட்பார்கள். ஒரே ஒரு பெண் கேட்டாள், "அந்த அம்மா அப்புறம் என்ன சார் ஆனாங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. பசுக்களுக்கு அந்த மூலன் போதும். அவளுக்குப் போதவில்லை.

நம் கதையில் உயிர் மாறியது, உடல் ஒன்று. நீங்கள் சொல்வதில் இரண்டும் வேறு. அதோடு ஒரு நகல் எடுக்க முடிந்தால் இரண்டு நகலும் எடுக்கலாம் அல்லவா? தம்பி வீட்டுக்கு ஒரு அப்பா, அக்கா வீட்டுக்கு ஒரு அப்பா என்று எழுந்து உட்கார்ந்தால், தென்காசி ரூட்டில் வேலை பார்த்தவர் அதில் யார்?


சர்வர் சாமி (திங்கள் இரவு 9.00)

வாத்தியார் ஐயா, ஒரே ஃபைல் இரண்டு இடத்தில் திறந்து ஆளாளுக்கு எழுத ஆரம்பித்தால் எங்களுக்கே பைத்தியம் பிடிக்கும்.

அக்கா, ஒன்று மட்டும் செய்யுங்கள். குரலைப் பதிந்து வையுங்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில் விடாதீர்கள், போன் மாற்றும்போது போய்விடும். என் அம்மாவுடையது அப்படித்தான் போனது, கடைக்காரர் "எல்லாம் வந்துரும் சார்" என்றார். போனிலேயே ரெக்கார்டரில் பதிந்து மூன்று இடத்தில் போடுங்கள். அதில் ஒன்று உங்கள் வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். குரலை வைத்துப் பேச வைக்கிற சாஃப்ட்வேர் இப்போதே இருக்கிறது. 2024 ஜனவரியில் ரகுமான், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் அவர்கள் குடும்பத்திடம் கேட்டு, பணமும் கொடுத்துப் பாட்டில் பயன்படுத்தினார். ஆனால் அது குரலின் நிறம் மட்டும்தான். அப்பா மாதிரிப் பேச வைத்து விளையாட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், நானே அம்மாவுக்கு ஒரு தடவை நினைத்துவிட்டு விட்டுவிட்டேன்.


கண்டக்டர் மகள் (புதன் இரவு 8.45)

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. மணி அண்ணன் எழுதியதைத் தம்பிக்கு அப்படியே அனுப்பினேன். அரை நாள் பதிலே இல்லை. அப்புறம் "சாட்ஸ்வொர்த்" பற்றித் தேடிப் படித்திருப்பான் போல, "கையெழுத்து இப்ப வேண்டாம்" என்று மட்டும் அனுப்பினான். கோபமா, வருத்தமா என்று தெரியவில்லை. வெளியூரில் இருக்கிறவனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று இருக்கும், பாவம். பி12 இதுவரை யாருமே பார்க்கச் சொல்லவில்லை. நாளைக்கு வெறும் வயிற்றில் கூட்டிப்போகிறேன், தைராய்டும் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்றார்கள்.

ரெக்கார்டிங் நேற்று ஆரம்பித்தோம். போனை எடுத்து முன்னால் வைத்தால் அப்பா பேசவில்லை. என் மகன்தான் யோசனை செய்தான். கடையில் பழைய பில் புக் ஒன்று கிடந்தது, அதைக் கையில் கொடுத்து நாற்காலியில் உட்கார வைத்து "தென்காசி ஒண்ணு" என்றான். போனை அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டோம். 40 நிமிடம் ஓடியிருக்கிறது. நடுவில் சில்லறை இல்லாத ஒரு அம்மாவோடு சண்டை கூட இருக்கிறது.

மணி அண்ணன் கடைசியில் கேட்டதை இன்று சாயங்காலம் செய்தேன். அவர் தெளிவாக இருக்கிற நேரம் நாலரை, ஐந்து மணி, காப்பி குடித்த பிறகு. வீடியோ எல்லாம் காட்டவில்லை, வாயால்தான் சொன்னேன். மூளையை எடுத்து மருந்துக்குள்ளே வைத்து, பிற்காலத்தில் எழுப்புவார்களாம் அப்பா, உங்களுக்கு வேண்டுமா என்றேன். எப்படி வைப்பார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்தது மணி அண்ணன் எழுதிய வாளிதானே, அதைச் சொன்னேன். நூலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவார்களாம் என்று.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"படியில தொங்காதே, உள்ள வா, உள்ள வான்னு 31 வருஷம் கத்திருக்கேன். என்னையவே தொங்கவிடப் போறியளோ?"

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தது எனக்கு இங்கே கேட்டது. போன் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது, இதுவும் பதிந்திருக்கிறது. ஃபைல் பெயரில் தேதி போதுமா, ஸ்டேஜ் பெயரும் சேர்த்துப் போடவா, சாமி தம்பி?